சேமிக்கிற அளவுக்கு வியாபாரம் இல்ல தம்பி!

டிசைனர் வேலைக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. லேப்டாப்பைத் திருப்பி போர்ட்ஃபோலியோவைக் காட்டுவார்கள். சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப், டூர் ஆப், கிரிப்டோ வாலட் என்று முப்பது நாற்பது திரைகள். கண்ணாடி மாதிரி மின்னும் கார்டுகள், ஊதாவில் தொடங்கி ஆரஞ்சில் கரையும் பின்னணி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதில் பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டால் என்ன வரும்?" என்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது. அந்தத் திரையை வரைந்தே இருக்கமாட்டார்கள்.

சோம்பலால் விட்டதாக நான் நினைக்கவில்லை. அதில் 'கிரியேட்டிவா' எதுவும் இல்லையே என்ற நினைப்புதான். கற்பனை நம் இலாகா, பயன்படுத்த எளிதா என்பதை டெஸ்டரும் டெவலப்பரும் பார்த்துக்கொள்வார்கள் என்று கல்லூரியிலேயே ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டை அழிக்காதவர்கள் ஐந்து வருடம் ஆனாலும் பட்டன் கலர் மாற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். யூசர் எங்கே தடுக்கி விழுகிறாரோ, அங்கேதான் டிசைனரின் கற்பனைக்கு வேலை. மற்ற இடங்களில் ஊரோடு ஒத்துப்போனால் போதும்.

மூன்று கட்டம், 90 கோடி டாலர்

வகுப்பெடுக்கும்போது நான் காட்டுவது அழகான திரையை அல்ல, ஓர் அவலட்சணமான திரையை. 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி சிட்டி வங்கியில் நடந்தது. அழகுசாதன நிறுவனமான ரெவ்லான் வாங்கிய கடனுக்கு வட்டியைப் பிரித்துக் கொடுப்பது அந்த வங்கியின் பொறுப்பு. கடன் கொடுத்தவர்களுக்குப் போகவேண்டிய வட்டி சுமார் 78 லட்சம் டாலர். போனது கிட்டத்தட்ட 90 கோடி டாலர். அசலும் சேர்ந்து போய்விட்டது.

வங்கி பயன்படுத்திய ஃப்ளெக்ஸ்க்யூப் மென்பொருளில், அசல் தொகை வெளியே போகாமல் உள்கணக்கிலேயே நிற்கவேண்டும் என்றால் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும்: ஃப்ரண்ட், ஃபண்ட், பிரின்சிபல். பிரின்சிபல் என்றால் அசல். அசலை நிறுத்துவதற்கு அந்த ஒரு கட்டம் போதும் என்று நினைத்து மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்கள். நீங்களும் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்போம். இந்தியாவில் இருவர், அமெரிக்காவில் ஒருவர் என மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். கடைசியில் ஓர் எச்சரிக்கையும் வந்தது. பணம் வங்கிக்கு வெளியே போகப்போகிறது, தொடரலாமா என்று. எவ்வளவு பணம் என்று அதில் இல்லை. வட்டி வெளியே போகத்தானே வேண்டும்? தொடர்ந்தார்கள்.

திரும்பி வராத சுமார் 50 கோடி டாலரைக் கடன் கொடுத்தவர்களே வைத்துக்கொள்ளலாம் என்று 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது மாறியது.

இதில் டிசைனருக்கு என்ன வேலை? ஃபான்ட்டை மாற்றியிருந்தால் பணம் தப்பியிருக்காது. எச்சரிக்கையில் 'இத்தனை டாலர் வெளியே போகிறது' என்று தொகை இருந்திருந்தால், மூன்று பேரில் ஒருவருக்காவது தூக்கிவாரிப் போட்டிருக்கும். மூன்று கட்டங்களுக்குப் பதிலாக 'அசல்: உள்ளேயே இருக்கட்டும்' என்று ஒரே தேர்வு இருந்திருந்தால் எச்சரிக்கைக்கே அவசியம் வந்திருக்காது. இப்படி யோசிப்பதைத்தான் நான் படைப்பாற்றல் என்பேன். உணவு டெலிவரி ஆப் நாற்பத்தோராவது முறையாக வரைவதற்குப் பதிலாக இந்த ஒரு திரையைத் திருத்தி வரைந்து, ஏன் அப்படி வரைந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். நேர்காணலில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

புதுமையை எங்கே செலவு செய்வது

ஒரு ஆப்பை முதல்முறை திறக்கிறவர் வெறும் கையோடு வருவதில்லை. வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே எல்லாம் பழக்கிவிட்ட விரல்களோடு வருகிறார். பின்னால் போகும் அம்புக்குறி இடது மேல்மூலையில் இருக்கும், பூதக்கண்ணாடி போட்டிருந்தால் தேடலாம் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். அந்தப் பாடத்தை மாற்றினால் அவர் உங்களை மேதை என்று நினைக்கமாட்டார். 'இது ஒர்க் ஆகல' என்று நினைப்பார்.

மைக்ரோசாஃப்ட்டுக்கே இது நேர்ந்தது. 1995 முதல் இடது கீழ்மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8-இல் காணாமல் போனது. கணினியை அணைக்க வேண்டுமானால், மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோய், ஒளிந்திருக்கும் பட்டையை வெளியே இழுத்து, செட்டிங்ஸுக்குள் போகவேண்டும். பார்க்க அந்த விண்டோஸ் துணிச்சலானது, வண்ணமயமானது, நான்கூட ரசித்தேன். ஒரே வருடத்தில் 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது. பழைய மாதிரி மெனு 2015-இல் விண்டோஸ் 10-இல் வந்தது.

இதற்கு நேர்மாறான கதை, திரையைக் கீழே இழுத்துப் புதுப்பிப்பது. 2009-இல் ட்வீட்டி என்ற ஆப்பின் இரண்டாம் பதிப்பில் லோரன் ப்ரிக்டர் கொண்டுவந்தார். அதுவரை ரெஃப்ரெஷ் பட்டன் என்று தனியாக ஒன்று இருக்கும். புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறவர் எப்படியும் பட்டியலின் உச்சிக்குத்தான் தள்ளிக்கொண்டு போவார். உச்சி வந்த பிறகும் விரல் இன்னும் கொஞ்சம் இழுக்கும். அந்த 'இன்னும் கொஞ்ச'த்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். புதிய சைகையைக் கற்றுக்கொடுக்கவே இல்லை. ஏற்கெனவே இருந்த சைகையை நீட்டிவிட்டார். இன்று அதைச் சொல்லிக்கொடுத்த ஆள் யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லாத அளவுக்கு எல்லார் விரலிலும் இருக்கிறது.

நம் ஊரில் எனக்குப் பிடித்த டிஜிட்டல் வடிவமைப்பு எது என்று கேட்டால், பெட்டிக்கடையில் இருக்கும் அந்தக் கத்துகிற பெட்டியைச் சொல்வேன். க்யூஆர் கோடு ஒட்டிய புதிதில், வாடிக்கையாளர் போனை நீட்டி 'அனுப்பிட்டேன்' என்பார். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்து, தன் போனை எடுத்துப் பார்க்க வேண்டும். கூட்ட நேரத்தில் முடியுமா? பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்கள் வேறு. சவுண்ட் பாக்ஸ் வந்தது, 'இருபது ரூபாய் பெறப்பட்டது' என்று சத்தமாகச் சொன்னது, முடிந்தது கதை. திரைக்குத் தீர்வு இன்னொரு திரை அல்ல என்று யாரோ ஒருவர் கடையில் நின்று பார்த்து யோசித்திருக்கிறார். ஏசி அறையில் ஃபிக்மாவைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த யோசனை வராது.

அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு மளிகைக் கடையில். சிறு கடைகளுக்குக் கடன் கணக்கு எழுதும் ஆப் ஒன்றை வரைந்திருந்தேன். கீழே ஒரு கூட்டல் குறி. தொட்டால் பூ இதழ் மாதிரி ஐந்து பட்டன்கள் விரியும். அலுவலகத்தில் கைதட்டினார்கள். எங்கள் தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் போனைக் கொடுத்து, "ஒரு ஆள் நூத்தம்பது ரூபாய்க்குக் கடன் வாங்கியிருக்கார், எழுதுங்க" என்றேன்.

புளி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கை. வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். இதழ்கள் விரிந்ததும் சிரித்தார். எதைத் தொடுவது என்று தெரியாமல் விரலை மேலே சுற்றினார். அதற்குள் இதழ்கள் மூடிக்கொண்டன. மறுபடி தொட்டார். எப்படியோ தொகையைப் போட்டுவிட்டு, அடியில் இருந்த 'சேமி' பட்டனைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"சேமிக்கிற அளவுக்கெல்லாம் வியாபாரம் இல்ல தம்பி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆங்கிலத்தில் இருந்த சொல்லை அகராதியில் பார்த்து 'சேமி' என்று போட்டிருந்தோம். பணம் புழங்கும் ஆப்பில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான், சீட்டு கட்டுவது, உண்டியலில் போடுவது. போனைத் திருப்பிக் கொடுத்து, "நல்லாத்தான் இருக்கு தம்பி, கலரெல்லாம்" என்றார். பிறகு கல்லாப்பெட்டி மேலிருந்த நோட்டை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா எண்ணெய் வாங்கிக்கொண்டு, "கணக்குல எழுதிக்கங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பதிப்பில் இதழ்கள் இல்லை. பெயர்ப் பட்டியல், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பெரிதாக ஒரு பட்டன்: 'கணக்கில் எழுது'. அலுவலகத்தில் யாரும் கைதட்டவில்லை. அண்ணாச்சி கேட்காமலே எழுதினார். நான் வரைந்ததில் மிகவும் கற்பனை வளம் மிக்கது எது என்றால் அந்த இரண்டு சொற்கள்தான். அதையும் எண்ணெய் வாங்க வந்த அம்மாதான் கொடுத்தார்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இது தனிச் சொத்து. 'ஆர்டரை ரத்து செய்யவா?' என்று கேட்டுவிட்டு, கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பட்டன் வைத்திருக்கும் ஆப்களைப் பார்த்திருப்பீர்கள். எதைத் தொட்டால் ஆர்டர் போகும்? 'ஆர்டர் வேண்டாம்', 'ஆர்டர் இருக்கட்டும்' என்று எழுதினால் பிரச்சினை இல்லை. ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் அடங்கும் சொல் தமிழில் பட்டனைவிட்டு வழியும். அதனால் முதலில் தமிழில் வரைந்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்தை ஊற்றுங்கள், இடம் மிச்சமாகும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது, ஆகவே முழுப் பெரிய எழுத்தில் தலைப்பு போடும் ஆங்கில உத்தி இங்கே செல்லாது. மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் இருப்பதால் வரிக்கு வரி கூடுதல் இடைவெளி கேட்கும். தடித்த எழுத்தில் 'ணை', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மலிவான போனில் பார்த்தால் தெரியும், மேக்புக்கில் தெரியாது.

எப்படிச் சோதிப்பது

பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பயன்பாட்டு எளிமைத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான யாகோப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே, ஐந்து பேரிடம் சோதித்தால் பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று வாதிட்டார். மூன்று பேரிடம் காட்டினாலும் ஒருவரிடமும் காட்டாததைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே 'நல்லா இல்ல' என்று சொல்லமாட்டார்கள். 'பிடிச்சிருக்கா?' என்று கேட்டீர்களோ, 'சூப்பர்' என்றுதான் வரும். எனவே கருத்துக் கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். 'போன மாசம் கரன்ட் பில் எவ்வளவு கட்டினீங்கன்னு இதுல பாருங்க' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதிதான் கஷ்டம். அவர் திணறும்போது 'அங்க இல்லக்கா, மேல' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் சோதனை முடிந்தது. முகத்தைப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள். விரல் எங்கே தயங்கி நிற்கிறது, எங்கே இரண்டு தடவை தட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் போனிலேயே செய்யச் சொல்லுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார், ஸ்கிரீன் கார்டு விரிசல் விட்டிருக்கும், வெயிலில் நிற்பார். அதுதான் உங்கள் ஆப்பின் நிஜ வீடு.

சில விஷயங்களுக்குச் சோதனையே தேவையில்லை, எண்ணே இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து போடுவது இன்னும் ஃபேஷனாக இருக்கிறது. டபிள்யூ3சி-யின் அணுகல் விதிப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும். 999999 என்ற சாம்பல் நிறம் 3-ஐக்கூடத் தொடாது. 767676 போட்டால் பாஸ். தொடும் இடத்துக்கு ஆப்பிள் 44 பாயின்ட், ஆண்ட்ராய்டு 48 டிபி என்று சொல்லி வைத்திருக்கின்றன. இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்; மீட்டிங்கில் அரை மணி நேர விவாதம் மிச்சம்.

அணுகல் என்பது தர்மகாரியம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கிக் கணக்கு தொடங்க கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். ஆசிட் வீச்சில் கண் இமைகளை இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் முகத்தை வட்டத்துக்குள் எப்படிப் பொருத்துவார்? இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்கச் சிமிட்டலைத் தவிர வேறு என்ன வழி? இதைவிடச் சவாலான படைப்புக் கேள்வி எந்தப் போட்டியிலும் கிடைக்காது.

மீட்டிங் அறையில்

'அந்த நீலம் எனக்குப் பிடிக்கல', 'லோகோவைக் கொஞ்சம் பெருசாக்குங்க'. இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்காமல் நீங்கள் ரிட்டயர் ஆக முடியாது. ரசனைக்கு எதிராக ரசனையை வைத்து வாதாடினால் சம்பளம் அதிகம் வாங்குகிறவர்தான் ஜெயிப்பார். அண்ணாச்சி விரல் திணறும் இருபது விநாடி வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள், அனுமதி வாங்கி எடுத்ததாக இருக்கட்டும். யாரும் நீலத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். லோகோவை வேண்டுமானால் பெரிதாக்கிக் கொடுத்துவிடுங்கள். எல்லாச் சண்டையையும் போட நமக்குத் தெம்பு இல்லை.

ஆனால் ஒரு சண்டையை விடக்கூடாது. 'அன்சப்ஸ்கிரைப் பட்டனைக் கொஞ்சம் மறைவாக வை', 'கடைசித் திரையில் அந்த நூறு ரூபாயைச் சேர்த்துக்கலாம்' என்று கேட்பார்கள். இப்படி ஏமாற்றும் வடிவமைப்புக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர். 2010-இல் ஹாரி பிரிக்னல் வைத்த பெயர். இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடுக்கும் வழிகாட்டுதல்களை அறிவித்திருக்கிறது. 'எனக்கு மனசு ஒப்பல சார்' என்பதைவிட 'இது அந்தப் பட்டியலில் வருகிறது சார், லீகலில் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?' என்பது வேலை செய்யும். மெயிலில் எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தை பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

போர்ட்ஃபோலியோவுக்குத் திரும்புவோம்

ஐஐடிகளில் எம்.டெஸ். படிக்க சீட் தேர்வு, பி.டெஸ். படிக்க யூசீட் தேர்வு இருக்கின்றன, முடிந்தவர்கள் எழுதலாம். முடியாவிட்டால் கதவு மூடிவிடாது. இந்தத் துறையில் பட்டத்தைவிட போர்ட்ஃபோலியோதான் பேசும். படிக்க இரண்டு புத்தகம் போதும்: அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பு பற்றி டான் நார்மன் 1988-இல் எழுதியது, வெப்சைட்கள் பற்றி ஸ்டீவ் க்ரக் 2000-இல் எழுதியது. இரண்டாவது ஒரு பஸ் பயணத்தில் முடிந்துவிடும்.

நாற்பது திரைகள் வேண்டாம், இரண்டு கதைகள் போதும். முதலில் என்ன வரைந்தீர்கள், யாரிடம் காட்டினீர்கள், அவர் எங்கே முழித்தார், பிறகு எதை மாற்றினீர்கள். தோற்றுப்போன பதிப்பையும் வையுங்கள். பளபளப்பான திரையை இப்போது ஏஐ கருவி ஒரு நிமிடத்தில் பத்து வரைந்து தருகிறது. அந்தப் போட்டியில் நீங்கள் ஜெயிக்கப்போவதில்லை. புளி ஒட்டிய விரலோடு ஒருவர் போனைப் பிடிக்கும்போது பக்கத்தில் நின்றது நீங்கள்தான் என்பதைக் காட்டினால் தனியாகத் தெரிவீர்கள். நெட் இல்லாதபோது என்ன தெரியும், பட்டியல் காலியாக இருந்தால் என்ன தெரியும், ஓடிபி வராவிட்டால் என்ன செய்வது என்று மூன்று திரைகளாவது இருக்கட்டும்.

பாஸ்வேர்டு கேள்வியை இனியும் கேட்கத்தான் போகிறேன். 'தவறான விவரம்' என்று சிவப்பில் ஒரு வரி மட்டும் காட்டினால், அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது: அதைப் படித்துவிட்டு உங்கள் அம்மா என்ன செய்வார்?